என் சம்மதத்துக்குக் காத்திருந்த தோப்பு

1

போர்னியோத் தீவில் ஒரு தோப்பை வெட்டலாமா, விடலாமா என்று இந்த மாசி மாதம் என்னிடம் சம்மதம் கேட்டார்கள். ஹனோவரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு அவிக்கிற என்னிடம். என் வீட்டில் கதிரையை எந்தப் பக்கம் போடுவது என்றுகூட யாரும் என்னைக் கேட்பதில்லை. அப்படிப்பட்டவளிடம் ஒரு தோப்பின் ஆயுளைக் கேட்டால் எப்படி இருக்கும்? முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் பயம் வந்தது.

கேட்டவன் யோசெப், என் மருமகள் வெரோனிக்காவின் அண்ணன். எங்கள் மன்னாரில் பிறந்திருந்தால் அவனைச் சூசை என்று கூப்பிட்டிருப்போம். அவனுடைய சீவியம் பாம் ஒயில் மரத்தில். அந்த மரங்கள் கிழடாகிவிட்டன. அவற்றை விழுத்திப் புதுக் கன்று வைத்தால் மூன்று நான்கு வருடங்களுக்குக் காய் இல்லை. அதுவரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே? அவர்கள் குடும்பத்துக்குப் பரம்பரையாக வந்த தோப்பு ஒன்று இருக்கிறது. அதில் நிற்கிற பெரிய மரங்களைப் பலகைக்கு விற்றால் அந்த வருடங்களைத் தாண்டிவிடலாம். வெறுமையாகிற நிலத்திலும் பாம் வைத்துவிடலாம். இதுதான் அவன் கணக்கு.

அந்த ஊர் வழக்கப்படி தோப்பில் உரிமையுள்ள ஒவ்வொருவரும் சரி சொல்ல வேண்டும். ஒருவர் மறுத்தாலும் கோடரி வைக்கக் கூடாது. ஊரில் எல்லாரும் சரி சொல்லியாயிற்று. மிச்சம் இரண்டு பேர். ஒருத்தி வெரோனிக்கா. மற்றவள் நான்.

நான் எப்படி அதற்குள் போனேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

2

வேரோ, நாங்கள் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம், எங்கள் முதியோர் இல்லத்துக்கு அவுஸ்பில்டுங் செய்ய வந்தவள். தாதி வேலையைப் படித்துக்கொண்டே செய்கிற மூன்று வருடப் பயிற்சி அது. வந்த புதிதில் எங்கள் சமையலறைச் சாப்பாட்டைப் பார்த்து முகம் வாடி நின்றாள். நான் எனக்கென்று கொண்டுபோகிற மாசிக் கருவாட்டுச் சம்பலில் கொஞ்சம் எடுத்து அவள் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தேன். அதைத் தின்றுவிட்டு அவள் அழுத அழுகையில், உறைப்பு கூடிப்போச்சோ என்று நான் தண்ணீர் கொண்டு ஓடினேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். என் மகன் ஜூட்டுக்கு நான் மன்னாரிலும் ரொறன்ரோவிலும் பெண் தேடிக்கொண்டிருந்த காலம் அது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். கலியாணம் செய்யப் போகிறோம் என்று அவர்கள் இருவரும் வந்து சொன்னபோது இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். மூன்றாம் நாள், பெண் கத்தோலிக்கம், உறைப்புத் தின்பாள், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இவர் கேட்டார். என் கணவர் வருடத்துக்கு இரண்டு தரம்தான் இப்படி வாய் திறப்பார். திறந்தால் பதில் சொல்ல முடியாது.

கலியாணத்தைப் பதிகிற அலுவலகத்தில்தான் கூத்து. குடும்பப் பெயர் என்ன என்று அந்தப் பெண் கேட்டாள். வேரோவுக்குக் குடும்பப் பெயரே இல்லை, அவர்கள் பக்கத்தில் அது வழக்கமில்லை. ஜூட்டுக்கு இருப்பது அவன் அப்பாவின் பெயர். அதைத்தான் அகதியாக வந்த நாளில் யாரோ ஓர் அதிகாரி குடும்பப் பெயர் என்று எழுதி வைத்தார். ஆளுக்கு ஒரு குடும்பப் பெயர் வைத்திருக்கிற நாட்டில், ஒருவருக்கு இரவல் பெயர், மற்றவருக்கு அதுவும் இல்லை. மூன்று டெர்மின், அதாவது நாள் குறித்துக் கூப்பிடுகிற சந்திப்பு, முடிந்து, நாலாவதில்தான் அவள் முத்திரை குத்தினாள். வேரோவுக்கும் இப்போது என் கணவரின் பெயர்தான் குடும்பப் பெயர்.

3

போன வருடத்துக்கு முந்திய நத்தார்ப் பண்டிகைக்கு, சம்பந்தி வீடு பார்க்க நானும் இவரும் வேரோவோடு போனோம். ஜூட்டுக்கு லீவு கிடைக்கவில்லை. விமானம் மாறி மாறி இறங்கி, பிறகு ஒரு பகல் முழுக்க வாகனத்தில் போனால் அவர்கள் ஊர் வரும். அந்தப் பகலின் பெரும்பாதி ஒரே மரம்தான். ஒரே உயரம், ஒரே இடைவெளி, கண்ணுக்கு எட்டிய வரைக்கும் பாம் ஒயில்.

நான் பனை நாட்டில் பிறந்தவள். இதுவும் பனைதானே என்று ஆசையாய் இறங்கிப் பார்த்தேன். நுங்கு இருக்கா என்றேன், இல்லை. கள்ளு? சிரித்தார்கள். ஓலையில் பெட்டி இழைப்பீர்களா? அதுவும் இல்லை. காய் மட்டும் செம்மஞ்சளாய்க் குலை குலையாய், அதுவும் முள்ளுக்குள். இதைப் பனை என்று சொன்னவனைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேணும்போல் இருந்தது. யோசெப் ஒரு பழத்தை நகத்தால் கீறி என் உள்ளங்கையில் தேய்த்தான். மஞ்சள் எண்ணெய். ஹனோவரில் நான் மாவில் போடுகிற மார்ஜரினும், கை கழுவுகிற சவர்க்காரமும் இங்கிருந்துதான் நடக்கத் தொடங்குகின்றன என்று நினைக்க விசித்திரமாக இருந்தது.

எனக்கு எதையும் கேட்காமல் இருக்க ஏலாது. விடிய அவனோடு தோட்டத்துக்குப் போவேன். வீட்டு உயரத்தைத் தாண்டிய தடி, அதன் நுனியில் அரிவாள். தலையை அண்ணாந்து, குலையின் காம்பைத் தேடி, இழுத்து அறுக்க வேண்டும். விழுகிற குலை ஒரு சின்னப் பிள்ளையின் பாரம். சிதறிய பழங்களை அவன் மனைவியும் தாயும் குனிந்து பொறுக்குவார்கள். வெட்டினது ஆலைக்குப் போகத் தாமதமானால் எண்ணெய் பழுது என்று ஆலைக்காரர் விலையைக் குறைப்பார்கள், ஆகையால் லொறி வரும்வரை யாருக்கும் நிம்மதி இல்லை. மழை பெய்து செம்மண் பாதை சறுக்கினால் லொறியே வராது.

யோசெப்புக்குக் கழுத்தை இடப்பக்கம் திருப்ப முடியாது. எந்நேரமும் அண்ணாந்து அண்ணாந்து வந்த வினை. ஒருமுறை மட்டை விழுந்து தோளைப் பிளந்திருக்கிறது. “மரம் வளருது, நான் வளரவில்லை” என்று சிரித்தான். வேரோ அதை எனக்கு மொழிபெயர்த்துவிட்டு மறுபக்கம் பார்த்தாள்.

இங்கே ஒரு மானம் போன கதையும் சொல்ல வேண்டும். ஊருக்குக் கொடுக்க என் மகள் மெலனி தேர்ந்து வாங்கித் தந்த சாமான்களில் பாணுக்குப் பூசுகிற சொக்கலேட் போத்தல்களும் இருந்தன. போத்தலின் முகப்பில் கொட்டை எழுத்தில் ‘பாம் ஒயில் சேர்க்காதது’ என்று ஜேர்மன் மொழியில் அச்சடித்திருந்தது. நான் கவனிக்கவே இல்லை. யோசெப்பின் மனைவி அதில் பாம் ஒயில் என்ற சொல்லை மட்டும் அடையாளம் கண்டு, எங்கள் எண்ணெய் ஜேர்மனி வரைக்கும் போயிருக்கிறது என்று அயலவருக்கெல்லாம் காட்டினாள். காட்டிவிட்டு, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நானும் வேரோவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

4

தோப்புக்கு எங்களைக் கூட்டிப்போனது வேரோவின் தாய். பாம் மரங்களுக்குள்ளே நடந்து நடந்து, சட்டென்று ஓர் இடத்தில் இருட்டும் குளிரும் சத்தமும் தொடங்கின. பறவை கத்துகிறது, குரங்கு கத்துகிறது, காலுக்குள் ஓடை. அதுவரை நடந்த பாதையில் ஒரு குருவிகூடக் கத்தவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர்கள் முன்னோர் எல்லாரும் ஒரே நீள வீட்டில் குடியிருந்த இடமாம் அது. வீடு எப்போதோ போய்விட்டது, வீட்டைச் சுற்றி வைத்த மரங்கள் நிற்கின்றன. துரியன், பலா மாதிரி ஒன்று, எண்ணெய்க் கொட்டை தருகிற ஒரு பெரிய மரம். ஒவ்வொரு மரத்துக்கும் அதை வைத்தவரின் பெயர். வேரோ மரங்களை எனக்கு இனசனங்களைப்போல் அறிமுகப்படுத்தினாள். “மாமி, இவர் சரியான கோபக்காரர். காய்ச்சால் முள்ளு கூட.” நிலம் எல்லாருக்கும் பொது. மரம் வைத்தவருக்கும் அவர் வழியில் வருகிற எல்லாருக்கும் தோப்பைப் பற்றிச் சொல்ல வாய் இருக்கிறது. துரியனை ஏறிப் பறிக்கக் கூடாது. தானாக விழ வேண்டும், விழுந்ததைப் பொறுக்கலாம்.

விழுந்த ஒன்றை உடைத்துத் தந்தார்கள். மணம் ஒரு மாதிரித்தான், ஆனால் நான் பின்வாங்குகிற ஆளா? மூன்று சுளை தின்றேன். கையில் கொட்டை இருந்தது. எங்கள் ஊரில் நல்ல மாம்பழம் தின்றால் கொட்டையை எறிய மனம் வராது, ஒரு மூலையில் தாட்டுவிடுவோம். அந்தப் பழக்கத்தில் ஒரு தடியால் மண்ணைக் கிண்டி, கொட்டையை வைத்து மூடி, என் போத்தல் தண்ணீரை ஊற்றி, சிலுவை அடையாளமும் போட்டேன். எல்லாரும் என்னைச் சுற்றி வந்து நின்றார்கள். கூட வந்த ஊர்ப் பெரியவர் வேரோவிடம் ஏதோ கேட்டார். வேரோ கொஞ்சம் யோசித்து ஒரு சொல் சொன்னாள். உடனே எல்லாரும் கைதட்டினார்கள். சம்பந்தியம்மா என்னைக் கட்டிப்பிடித்தா.

“என்ன கேட்டவர்?” என்றேன்.

“உங்களுக்கு நல்ல கையாம், மாமி” என்றாள்.

5

அவர் கேட்டது அதுவல்ல என்பது இந்த மாசியில்தான் தெரிந்தது. யோசெப் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்ன மறுநாள், இல்லத்துச் சமையலறையில் கரட் சீவிக்கொண்டிருந்த என்னிடம் வேரோ வந்தாள். சீருடையோடு, ஷிஃப்ட் நடுவில்.

“அந்தப் பெரியவர், இந்த அம்மா கொட்டையை எறிகிறாவா, நடுகிறாவா என்று கேட்டார். எறிந்தால் அது காட்டுக்குச் சொந்தம். நட்டால் நட்டவருக்கு. நடுகிறா என்று நான் சொன்னேன்.”

“ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ? நான் விளையாட்டுக்கு அல்லோ செய்தனான்.”

அவள் கரட் தோலைப் பொறுக்கிக் கிள்ளிக்கொண்டு நின்றாள். வேரோவும் நானும் ஜேர்மன் மொழியில்தான் பேசுவோம், இருவருக்கும் அது இரண்டாந்தாரம். அதனால் எங்களுக்குள் சுற்றி வளைத்துப் பேச வராது.

“யோசெப் ஒருநாள் தோப்பைக் கேட்பான் என்று எனக்கு அப்போதே தெரியும். அவனுக்கு மறுப்புச் சொல்ல என்னால் முடியாது. அவன் பள்ளிக்கூடத்தை விட்டுக் குலை சுமந்துதான் என்னைப் படிப்பித்தான். நீங்கள் மறுத்தால் அவன் என்னைக் கோபிக்க மாட்டான். வெளிநாட்டு மாமியார், பிடிவாதக்காரி என்று விட்டுவிடுவான்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாமியார் பதவிக்கு உலகம் முழுக்க இந்த ஒரே மரியாதைதான் போல. ஆனால் பொய் சொல்லக் கூடாது, கோபத்துக்குள் ஒரு பெருமையும் இருந்தது. இந்தச் சின்னப் பெட்டை என்னை நம்பி ஒரு தோப்பையே என் தலையில் கட்டியிருக்கிறாளே!

வீட்டில் மெலனி துள்ளினாள். அவள் பள்ளிக்கூடத்திலேயே பாம் ஒயிலுக்கு எதிராகப் படம் கீறி ஒட்டினவள். கடையில் ஒவ்வொரு பிஸ்கட் பெட்டியையும் திருப்பிப் படித்துத்தான் வாங்குவாள்.

“அம்மா, நீங்கள் கட்டாயம் நைன், ஏலாது எண்டு சொல்லவேணும். ஒரு காடு உங்கட கையில இருக்கு!”

“சரி. யோசெப் என்ன சாப்பிடுறது?”

“வேற ஏதும் செய்யலாம்தானே. டூரிஸ்ட் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம்.”

“லொறியே போகாத ரோட்டில டூரிஸ்ட் போவினமோ?”

அவள் உள்ளே போய்விட்டாள். பாவம், அவளில் பிழை இல்லை. அவளுக்குக் காடு தெரியும், யோசெப்பின் கழுத்தைத் தெரியாது. இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு உலகத்தின்மீது இருக்கிற அன்பு பெரியது. அதில் ஆட்கள் கொஞ்சம் குறைவு.

ஆனால் நானோ? மன்னாரில் அப்பா விட்ட காணியை விற்கட்டா என்று தம்பி கேட்டபோது, தேநீர் இடைவேளையில் “ஓம், வில்லு” என்று சொல்லிவிட்டு சூப்பைக் கிண்டப் போனவள். அங்கே இருப்பவனுக்குத்தான் அங்கத்தைய பாடு தெரியும் என்பது என் கட்சி. இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தமில்லை. அப்படியென்றால் யோசெப்புக்கு மறுப்புச் சொல்ல எனக்கு என்ன உரிமை? மறுபக்கம், சரி என்று சொன்னால் வேரோவின் முகத்தில் எப்படி விழிப்பது? ஒரு கிழமை உருளைக்கிழங்கு உப்பில்லாமலும் போனது, உப்புக் கூடியும் போனது. இல்லத்துக் கிழவர்கள் முறைப்பாடு எழுதினார்கள்.

“நீ அவளுக்காகக் கதைக்கப் போறியோ, உனக்காகக் கதைக்கப் போறியோ?” என்று இவர் கேட்டார். இந்த வருடத்துக்கான முதலாவது தரம்.

6

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அழைப்பு எடுத்தோம். இங்கே காலை, அங்கே பின்னேரம். தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தோம். திரைக்குள் யோசெப், அவன் மனைவி, தாய், பெரியவர், பின்னால் ஊர்ச்சனம். இங்கே நானும் வேரோவும், கதவடியில் கை கட்டிக்கொண்டு மெலனி.

மூத்தவள் என்று யோசெப் என்னிடம்தான் முதலில் கேட்டான். வேரோ மொழிபெயர்க்கக் காத்திருந்தாள். அவள் கை மேசைக்குக் கீழே என் சட்டையைப் பிடித்திருந்தது.

“என்ர கன்று அவனுக்கு. வெட்டட்டும்” என்றேன். “மற்ற மரங்களைப் பற்றிக் கதைக்க நான் ஆள் இல்லை. அதை அவன்ர தங்கச்சியிட்டக் கேக்கட்டும். சொல்லு பிள்ளை.”

வேரோ என்னைப் பார்த்தாள். நான் அடித்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். “அம்மா!” என்றாள் மெலனி கதவடியிலிருந்து. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சொன்னதை விழுங்கியிருப்பேன்.

வேரோ என் சட்டையை விட்டுவிட்டு, நான் சொன்னதை மொழிபெயர்த்தாள். அங்கே யாரோ இருமினார்கள். பிறகு அவள் தன் பாஷையில் தொடங்கினாள், மெதுவாக, பிறகு வேகமாக. யோசெப் குறுக்கே பேசினான். அவள் விடவில்லை. அவன் கத்தினான், அவளும் கத்தினாள். முதியோர் இல்லத்தில் பூனைபோல நடக்கிற பிள்ளைக்கு இவ்வளவு குரல் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நடுவில் தாய் தொலைபேசியைப் பறித்து இரண்டு பேரையும் ஏசினா. பிறகு மூவரும் அழுதார்கள்.

அவர்கள் என்ன பேசினார்கள் என்று பிறகு கேட்டறிந்தேன். ‘நீ அங்கே குளிர்பெட்டியைத் திறந்து சாப்பிடுகிறாய், உனக்கு மரம் வேண்டும்’ என்று அவன் சொல்லியிருக்கிறான். ‘ஓம், எனக்கு வேண்டும், நீ எனக்குத் தந்ததில் அதையும் கேட்கிறேன்’ என்று இவள் சொல்லியிருக்கிறாள். ‘இதை முதலே சொல்ல உனக்கு என்ன பயம்?’ என்று அவன் கேட்டானாம். அந்த இடத்தில்தான் அழுகை தொடங்கியதாம்.

அழுது முடிய யோசெப் தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு தோப்புக்கு நடந்தான். திரையில் அவன் தோளும் இலைகளும் மாறி மாறி ஆடின. ஒவ்வொரு மரத்துக்கும் முன்னால் நின்றான். அவன் ஒன்று சொல்வான், வேரோ ஒன்று சொல்வாள். பெரியவர் பின்னால் வந்து மரத்தில் கை வைத்து முடிவைச் சொல்வார். ஓடைப் பக்கத்து மரங்கள் நிற்கும், அந்தக் கோபக்காரர் உட்பட. பாதைப் பக்கம் போகும். பலகைக்கு அவ்வளவு போதும் என்று அவன் ஒத்துக்கொண்டான். இருவருக்கும் திருப்தி இல்லை, ஆனால் இருவரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். சோறு வேகிறது என்று நான் எழும்பப் பார்த்தேன். மெலனி என் தோளில் கை வைத்து இருத்தினாள்.

பாதைப் பக்கத்து ஓரத்தில் யோசெப் நின்றுவிட்டான். தொலைபேசியை நிலத்துக்குப் பக்கத்தில் பிடித்தான். முழங்கால் உயரத்தில் ஒரு கன்று, நாலைந்து இலை. அதைச் சுற்றிப் பன்றி தின்னாமல் மூங்கில் குச்சிகளால் நெருக்கமாக ஒரு வேலி. நான் போட்ட வேலி இல்லை அது. யோசெப்தான் அதைப் போட்டு, இத்தனை மாதமும் கன்றைக் காத்து வந்திருக்கிறான்.

திரையில் அவன் முகம் வந்தது. கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தான்.

“மாமா, போலெ?” என்றான்.

மாமா என்றால் அவர்களுக்கு அம்மா. போலெ என்றால் ‘செய்யலாமா’ என்பது. அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் அதைக் கேட்டுக்கொண்டு என் பின்னால் திரிந்தார்கள், அதனால் எனக்கு அந்தச் சொல் தெரியும். பதிலும் அதே சொல்தான்.

ஏற்கெனவே சரி சொன்னவள்தானே நான். வேரோவைப் பார்த்தேன், நீ சொல்லு என்று.

“இல்லை மாமி” என்றாள் தமிழில். “நீங்கள் சொல்லுங்கோ.”

“போலெ” என்றேன்.

யோசெப் தொலைபேசியை எங்கேயோ ஒரு வேரில் சாய்த்தான். கத்தியை எடுக்கவில்லை. குந்தியிருந்து, தான் ஊன்றிய வேலிக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பக்கத்தில் அடுக்கினான். கடைசிக் குச்சியும் வந்தபோது அந்தக் கன்றுக்குச் சொந்தக்காரி என்று யாரும் இல்லை, எறிந்த கொட்டையைப்போல் அது இனிக் காட்டுக்கு. மெலனி எனக்குக் கண் துடைக்கக் கைலேஞ்சி எடுத்துத் தந்தாள். திரைக்குள் வேரோவும் யோசெப்பும் அடுத்த மரத்தைப் பற்றி மறுபடி சண்டை பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.